முதல் வாடகை வீடு: கோவையில் வாங்கி நிர்வகிக்கும் முறை

வாடகை வருமானத்துக்காக முதன்முறையாக ஒரு சிறிய வீடு வாங்க நினைப்பவர், தரகரோடு விலை பேசுவதற்கு முன்பே, அந்த வீடு எல்லாச் செலவும் போக ஆண்டுக்கு எவ்வளவு பணத்தைக் கையில் நிறுத்தும் என்பதை ஒரு தாளில் எழுதிப் பார்க்க வேண்டும். கோவையில் வீடு வாங்குகிற பெரும்பாலோர் இதைச் செய்வதில்லை. மனை விலை ஏறிக்கொண்டே போகும் என்ற நம்பிக்கையில் வாங்கிவிட்டு, வாடகையை மேல்வரும்படியாகக் கருதுகிறார்கள். மனை விலை ஏறலாம். ஆனால் அது விற்கும் நாளில்தான் பணமாகும். அதுவரை வங்கித் தவணையையும் சொத்து வரியையும் ஒழுகும் கூரையையும் தாங்க வேண்டியது வாடகைதான். ஆகவே வாடகைக் கணக்கு தேறுகிற வீட்டை மட்டும் வாங்குவது என்ற ஒரே முடிவை முதலில் எடுத்துக்கொண்டு, மற்ற எல்லாவற்றையும் அதற்குக் கீழே வைத்துப் பார்ப்பது நல்லது. எடுத்துக்காட்டுகள் கோவையைச் சார்ந்தவை என்றாலும், சட்டமும் பதிவு நடைமுறையும் பெரும்பாலும் தமிழ்நாடு முழுமைக்கும் பொருந்தும்.

எந்த வகை வீடு

சிறு முதலீட்டாளர் முன்னால் பொதுவாக மூன்று வகை வீடுகள் வருகின்றன. முதலாவது அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒரு வீடு. இதைப் பராமரிப்பது எளிது. சங்கம் இருக்கும், காவலாளி இருப்பார், குடிவருவோரும் விரைவில் கிடைப்பார்கள். ஆனால் கொடுக்கும் விலையோடு ஒப்பிட்டால் வாடகை குறைவு. கட்டடம் பழகப் பழகத் தேய்ந்துவிட, மதிப்பாக நிற்பது பிரிக்கப்படாத மனைப் பங்கு, அதாவது மொத்த மனையில் அந்த வீட்டுக்கு உரிய பங்கு மட்டுமே. அது எத்தனை சதுர அடி என்பதைப் பத்திரத்தில் பார்க்காமல் அடுக்குமாடி வீடு வாங்கக் கூடாது.

இரண்டாவது லைன் வீடுகள். கணபதி, சிங்காநல்லூர் போன்ற தொழிற்பகுதிகளிலும் திருப்பூர்ப் பக்கத்திலும் ஓர் அறையும் சமையலறையுமாக வரிசையாகக் கட்டப்பட்டிருக்கும் இவ்வீடுகள், போட்ட பணத்துக்கு மற்ற இரு வகைகளையும்விடக் கூடுதலான வாடகை தருபவை. ஆனால் குடித்தனங்கள் அடிக்கடி மாறும், பொதுக் கழிப்பறையும் தண்ணீரும் நாள்தோறும் கவனிப்பைக் கேட்கும், பல இடங்களில் கட்டட அனுமதியும் முறையாக இருக்காது. அதே தெருவில் குடியிருந்து நேரில் கவனிக்க முடிந்தவருக்குத்தான் இது ஏற்றது.

மூன்றாவது, சொந்த மனையில் கீழே இரண்டு, மேலே ஒன்று என்று இரண்டு மூன்று குடித்தனங்கள் இருக்கக்கூடிய தனி வீடு. தொடக்கக்காரருக்கு நான் பரிந்துரைப்பது இதையே. மனை முழுவதும் உங்கள் பெயரில் இருக்கும். ஒரு பகுதி காலியானாலும் மற்ற இரண்டிலிருந்து வாடகை வந்துகொண்டிருக்கும். பிற்காலத்தில் ஒரு பகுதியில் நீங்களே குடியேறவும் முடியும்.

தாளில் எழுத வேண்டிய கணக்கு

அப்படிப்பட்ட ஒரு வீட்டை 60 லட்சம் ரூபாய்க்குச் சொல்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 விழுக்காடு, பதிவுக் கட்டணம் 2 விழுக்காடு. இவை பேசிய விலை, அரசின் வழிகாட்டி மதிப்பு இரண்டில் எது அதிகமோ அதன்மீது கணக்கிடப்படும். 60 லட்சத்துக்கு இது 5,40,000 ரூபாய். தரகு ஒரு விழுக்காடு என்றால் 60,000. வழக்கறிஞர், பத்திர எழுத்தர், வங்கிச் செலவுகளுக்கு 50,000. குடிவைக்கும் முன் செய்ய வேண்டிய பழுதுகளுக்கு 2 லட்சம். ஆக வீட்டின் உண்மையான விலை 68,50,000 ரூபாய். இனி எல்லாக் கணக்கையும் இந்தத் தொகையின் மீதே போட வேண்டும்.

மூன்று குடித்தனங்களும் சேர்ந்து மாதம் 26,000 ரூபாய் தந்தால் ஆண்டுக்கு 3,12,000. இதிலிருந்து ஒரு மாத வாடகையைக் கழித்துவிடுங்கள். ஒவ்வொரு பகுதியும் ஆண்டில் சராசரியாக ஒரு மாதம் காலியாக இருக்கும் என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பானது. ஒருவர் காலி செய்து, வெள்ளையடித்து, அடுத்தவர் வந்து சேர அவ்வளவு நாள் ஆகத்தான் செய்யும். மீதி 2,86,000. சொத்து வரி, குடிநீர்க் கட்டணம், பாதாளச் சாக்கடைக் கட்டணம், மோட்டாருக்கும் பொது விளக்குக்கும் ஆகும் மின்கட்டணம், காப்பீடு, பழுதுபார்ப்பு எல்லாவற்றுக்கும் ஆண்டுக்கு 55,000 ஒதுக்கினால், கையில் நிற்பது 2,31,000 ரூபாய். போட்ட 68,50,000-க்கு இது ஏறத்தாழ 3.4 விழுக்காடு. வைப்புநிதி வட்டிகூட இதைவிட அதிகமாயிற்றே என்று தோன்றும், உண்மைதான். வாடகை ஆண்டுதோறும் கொஞ்சம் உயரும், மனையும் மதிப்பேறும் என்பதால்தான் இதை ஏற்கிறோம். ஆனால் இந்த எண் 3-க்குக் கீழே இறங்கினால், மனை விலையின் ஏற்றத்தை மட்டுமே நம்பி வாங்குகிறோம் என்று பொருள். முதல் வீட்டில் அது வேண்டாம்.

இப்போது கடன். கடன் தொகை 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரை இருந்தால், வீட்டின் மதிப்பில் 80 விழுக்காடு வரை வங்கிகள் கடன் தர ரிசர்வ் வங்கி அனுமதிக்கிறது. பொதுவாக முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் அந்த மதிப்பில் சேராது, அவை உங்கள் கைப்பணம். வங்கி 40 லட்சம் தருகிறது என்று அவ்வளவையும் 8.5 விழுக்காட்டில் 20 ஆண்டுகளுக்கு வாங்கினால் மாதத் தவணை சுமார் 34,700 ரூபாய். வீட்டிலிருந்து நிகரமாக வருவதோ மாதம் 19,250. ஒவ்வொரு மாதமும் 15,000 ரூபாய்க்கு மேல் சம்பளத்திலிருந்து போட்டாக வேண்டும். கடனை 20 லட்சத்தோடு நிறுத்தினால் தவணை 17,350 அளவில் நின்றுவிடும்; வாடகையே அதைக் கட்டிவிடும். நிகர வாடகை தவணையைத் தாங்கும் அளவுக்குக் கடனைக் குறைத்துக்கொள்வது தொடக்கக்காரருக்கு நான் சொல்லக்கூடிய மிக முக்கியமான விதி. அதற்குப் போதுமான கைப்பணம் இல்லையென்றால் இன்னும் சிறிய வீட்டைத் தேடுவது நல்லது, அல்லது இரண்டு ஆண்டுகள் காத்திருப்பது நல்லது.

கைப்பணம் போதாத இடத்தில், வீட்டை வாடகைக்கு விடாமல் போகியத்துக்கு விட்டு மொத்தமாக ஐந்து லட்சமோ ஆறு லட்சமோ வாங்கிக் கடனை அடைக்கலாம் என்று ஆலோசனை சொல்பவர்கள் உண்டு. போகியப் பணம் திருப்பித் தர வேண்டிய கடன். மூன்று ஆண்டு கழித்து அதைத் திருப்பிக் கொடுக்க அடுத்தவரிடம் போகியம் வாங்க வேண்டியிருக்கும். அடுத்தவர் கிடைக்காத மாதத்தில் குடியிருப்பவர் பணம் கேட்டு உட்கார்ந்திருப்பார், உங்களுக்கு வாடகையும் வராது. வங்கிக்கு ஏற்கெனவே அடமானம் வைத்த வீட்டை வங்கிக்குத் தெரியாமல் போகியத்துக்கு விடுவது, பணம் கொடுக்கும் குடும்பத்தையும் ஆபத்தில் தள்ளும். இந்த வழியை அறவே தவிர்க்க வேண்டும்.

இடம்

யார் குடிவருவார்கள் என்பதை வைத்தே இடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சரவணம்பட்டி, கீரணத்தம் பக்கம் மென்பொருள் ஊழியர்களை நம்பியும், பீளமேடு கல்லூரிகளையும் மருத்துவமனைகளையும் நம்பியும், வடவள்ளி பல்கலைக்கழகங்களையும் ஓய்வுபெற்றவர்களையும் நம்பியும், கணபதி பட்டறைகளையும் வார்ப்படத் தொழிற்கூடங்களையும் நம்பியும் இருக்கின்றன. ஒரே வகை வேலையை மட்டும் நம்பிய இடம் எவ்வளவு ஆபத்தானது என்பதை 2020-ஆம் ஆண்டு முடக்கக் காலம் காட்டியது. வீட்டிலிருந்தே வேலை என்று ஆனதும் தொழில்நுட்பப் பூங்காக்களைச் சுற்றியிருந்த வீடுகளை விட்டு இளைஞர்கள் சொந்த ஊருக்குத் திரும்பினார்கள். இரண்டு மூன்று வகையான வேலைகளுக்கு நடுவே, பேருந்து நிறுத்தத்திலிருந்து நடந்து போகும் தொலைவில் இருக்கும் சாதாரணத் தெருதான் வாடகைக்கு உறுதியான இடம்.

வாடகை எவ்வளவு வரும் என்று தரகரிடம் கேட்காதீர்கள். அந்தத் தெருவிலும் அடுத்த இரண்டு தெருக்களிலும் தொங்கும் டூ-லெட் பலகைகளைப் பார்த்து, குடிவர நினைப்பவராகவே போய் விசாரியுங்கள். எத்தனை நாளாகப் பலகை தொங்குகிறது என்று எதிர்க்கடைக்காரரிடம் கேளுங்கள். குடிநீர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது, ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் உப்பா, கோடையில் லாரித் தண்ணீர் வாங்குகிறார்களா என்பதை அக்கம்பக்கத்துப் பெண்களிடம் கேட்டால் சரியான பதில் கிடைக்கும். தண்ணீர் இல்லாத வீட்டில் நல்ல குடித்தனக்காரர் ஓராண்டுக்கு மேல் இருக்க மாட்டார்.

ஆவணங்கள்

இந்தப் பகுதியில் அவசரப்படக் கூடாது. முதலில் கேட்க வேண்டியது விற்பவரின் பெயரில் உள்ள கிரயப் பத்திரத்தின் அசலும், அதற்கு முந்தைய தாய்ப் பத்திரங்களும். குறைந்தது முப்பது ஆண்டுகளுக்குச் சொத்து யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்ற தொடர் எங்கும் அறுபடாமல் இருக்க வேண்டும். பிறகு அதே காலத்துக்கு வில்லங்கச் சான்று, அதாவது சொத்தின் மீது பதிவான விற்பனை, அடமானம் போன்றவற்றைக் காட்டும் சான்று. 1975-க்குப் பிந்தைய பதிவுகளைப் பெரும்பாலும் பதிவுத்துறையின் இணையதளத்திலேயே எடுக்கலாம். அதற்கு முந்தையதைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் விண்ணப்பித்துப் பெற வேண்டும்.

வில்லங்கச் சான்று சுத்தமாக இருந்தாலே போதும் என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். பதிவு செய்யப்பட்ட ஆவணங்கள் மட்டுமே அதில் வரும். பத்திரத்தை ஒப்படைத்து வாங்கும் அடமானக் கடனைப் பதிவு செய்ய வேண்டும் என்ற கட்டாயம் தமிழ்நாட்டில் 2012-இல் வந்த சட்டத் திருத்தத்துக்குப் பின்புதான் ஏற்பட்டது. அதற்கு முந்தைய அத்தகைய அடமானம் சான்றில் தெரியாமலே இருக்கலாம். பத்திரத்தைத் தனியாரிடம் கைமாற்றாக வைத்துப் பணம் வாங்கியிருந்தாலும் தெரியாது. நகலை மட்டும் காட்டி, அசல் ஊரில் அண்ணன் வீட்டில் இருக்கிறது என்று விற்பவர் சொன்னால், அசலைக் கண்ணால் பார்க்கும்வரை ஒரு ரூபாய்கூட முன்பணமாகக் கொடுக்கக் கூடாது.

அடுத்தது பட்டா. பத்திரமும் பட்டாவும் ஒரே பெயரில், ஒரே சர்வே எண்ணில், ஒரே பரப்பில் இருக்க வேண்டும். பழைய பகுதிகளில் நகர நில அளவைப் பதிவேட்டின் நகலையும் பார்க்க வேண்டும்; புல எண் மாறியிருந்தால் பழைய எண்ணுக்கும் புதிய எண்ணுக்கும் உள்ள தொடர்பை எழுத்தில் பெற வேண்டும். கோயில் நிலம், வக்ஃபு நிலம், புறம்போக்கு, நீர்நிலை, பஞ்சமி நிலம், முன்பு நகர நில உச்சவரம்புச் சட்டத்தின் கீழ் அரசு எடுத்த நிலம் ஆகியவற்றில் எதுவும் அந்தப் புலத்தில் இல்லை என்பதை வழக்கறிஞர் உறுதி செய்ய வேண்டும். இவற்றில் கட்டிய வீட்டில் தலைமுறையாகக் குடியிருந்தாலும், வாங்குபவருக்கு உரிமை வராது.

குடும்பச் சொத்தில்தான் பெரும்பாலான வழக்குகள் முளைக்கின்றன. தந்தை இறந்த பின் மகன்கள் மட்டும் சேர்ந்து விற்கும் வீட்டில், வாரிசுச் சான்றில் இருக்கும் மகள்கள் எல்லோரும் கையெழுத்திட்டார்களா என்று பார்க்க வேண்டும். 2005-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத் திருத்தத்தின்படி பூர்விகச் சொத்தில் மகளுக்கும் பிறப்பிலேயே பங்கு உண்டு என்பதை உச்ச நீதிமன்றம் 2020-இல் ஐயத்துக்கு இடமின்றி உறுதி செய்துவிட்டது. அக்காவுக்குச் சீர் செய்தாகிவிட்டது என்பது சட்டப்படி பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் ஆகாது. வயது வராத பிள்ளையின் பங்கு இருந்தால் நீதிமன்ற அனுமதி வேண்டும். அதேபோல், பொது அதிகாரப் பத்திரத்தை வைத்துக்கொண்டு ஒருவர் தம்மையே உரிமையாளர் என்று சொல்லிக்கொள்ள முடியாது. அதனால் உரிமை மாறுவதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2011-இல் தீர்ப்பளித்திருக்கிறது. அதிகாரம் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா, அதிகாரத்தை ரத்து செய்திருக்கிறாரா என்பதை அவரிடமே நேரில் பேசித் தெரிந்துகொள்ள வேண்டும்.

கட்டடத்துக்கு அனுமதி வரைபடம் இருக்கிறதா, இருக்கும் கட்டடம் அதற்கு ஒத்திருக்கிறதா என்பதும் முக்கியம். தரைத்தளத்துக்கு மட்டும் அனுமதி வாங்கி, மேல்தளத்தைப் பின்னால் கட்டிய வீடுகள் ஏராளம். மேல்தளத்து வாடகையையும் சேர்த்து விலை சொல்வார்கள். வங்கியோ அனுமதி உள்ள பகுதிக்கு மட்டும் மதிப்புப் போடக்கூடும்.

ஏற்கெனவே குடித்தனங்கள் இருக்கும் வீட்டை வாங்கும்போது இன்னொரு கணக்கு இருக்கிறது. குடியிருப்பவர்கள் விற்பவரிடம் கொடுத்திருக்கும் அட்வான்ஸ் தொகையைத் திருப்பித் தரும் பொறுப்பு பின்னர் உங்கள் தலையில் வந்து விழும். ஆகவே பதிவுக்கு முன் ஒவ்வொரு குடித்தனக்காரரையும் சந்தித்து, எவ்வளவு அட்வான்ஸ், வாடகை எவ்வளவு, எந்த மாதம் வரை கட்டியிருக்கிறார் என்று எழுதி அவரிடமும் விற்பவரிடமும் கையெழுத்து வாங்கி, மொத்த அட்வான்ஸ் தொகையைக் கிரய விலையில் கழித்துக்கொள்ள வேண்டும். மூன்று குடித்தனத்துக்கு இரண்டு மூன்று லட்சம் வரை வரக்கூடிய தொகை இது.

பதிவும் பணமும்

விலை முடிந்ததும் கிரய ஒப்பந்தத்தை எழுதிப் பதிவு செய்யுங்கள். வெள்ளைத்தாளிலோ பதிவில்லாத முத்திரைத்தாளிலோ நிறுத்திவிடாதீர்கள். விலை 50 லட்சமோ அதற்கு மேலோ இருந்தால், விற்பவருக்குத் தரும் தொகையில் ஒரு விழுக்காட்டை வருமான வரியாகப் பிடித்து அவருடைய பான் எண்ணில் செலுத்துவது வாங்குபவரின் கடமை. நமது எடுத்துக்காட்டில் அது 60,000 ரூபாய். பேசிய விலையில் ஒரு பகுதியைப் பத்திரத்தில் காட்டாமல் ரொக்கமாகக் கொடுக்கச் சொல்வார்கள். சொத்துப் பரிமாற்றத்தில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கைமாறுவதை வருமான வரிச் சட்டம் தடை செய்கிறது. அது ஒருபுறம் இருக்க, பத்திரத்தில் குறைத்துக் காட்டிய தொகைக்கு வங்கிக் கடனும் குறையும், நாளை விற்கும்போது உங்கள் வாங்கிய விலை குறைவாகத் தெரிந்து மூலதன ஆதாய வரியும் கூடும். முழு விலையையும் வங்கி வழியாகக் கொடுத்து முழு விலையையும் எழுதுவதே வாங்குபவருக்கு நன்மை.

பதிவு முடிந்தவுடன் பட்டா மாற்றம், சொத்து வரிப் பெயர் மாற்றம், குடிநீர் இணைப்புப் பெயர் மாற்றம், மின் இணைப்புப் பெயர் மாற்றம் ஆகிய நான்கையும் அடுத்தடுத்து முடித்துவிட வேண்டும்.

குடிவைப்பதும் ஒப்பந்தமும்

குடிவைக்கும் முன் ஒவ்வொரு பகுதிக்கும் தனி மின் இணைப்பு இருப்பதை உறுதி செய்யுங்கள். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்பு ஒவ்வொன்றுக்கும் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். பயன்பாடு ஏற ஏற யூனிட் விலை படிப்படியாக உயரும். 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ்ப்படிகளுக்கும் கட்டணம் கூடுகிறது. ஒரே இணைப்பில் உள்மீட்டர் வைத்து மூன்று வீட்டுக்கும் மின்சாரம் கொடுத்தால், குறைவாகப் பயன்படுத்தும் குடும்பமும் உயர்ந்த கட்டணத்தைச் சுமக்க நேரிடும். அரசு ஒவ்வொரு குடும்பத்துக்கும் தரும் சலுகையை வீட்டு உரிமையாளரின் வசதிக்காக அவர்களிடமிருந்து பறிப்பது நியாயமாகாது. தனி இணைப்பு பெறும் செலவை வீட்டின் விலையிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள்.

தமிழ்நாட்டில் 1960-ஆம் ஆண்டின் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இப்போது இல்லை. 2017-இல் இயற்றப்பட்ட நில உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள் மற்றும் பொறுப்புகள் ஒழுங்குமுறைச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. இதன்படி வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். அதை வாடகை அதிகார அமைப்பிடம் இணையவழியாகப் பதிவு செய்து பதிவெண் பெற வேண்டும். பதினொரு மாதத்துக்கு முத்திரைத்தாளில் எழுதிப் பெட்டியில் வைத்துக்கொள்ளும் பழைய வழக்கம் இனிப் போதாது. பதிவெண் இல்லாமல் தகராறு வரும் நாளில் வாடகை நீதிமன்றத்தின் படி ஏறினால் காலமும் பணமும் வீணாகும்.

ஒப்பந்தத்தில் வாடகை, கட்ட வேண்டிய தேதி, ஆண்டு உயர்வு, அட்வான்ஸ், யார் யார் குடியிருப்பார்கள், தண்ணீர்க் கட்டணம் எப்படிப் பிரிக்கப்படும், காலி செய்ய எத்தனை மாத முன்னறிவிப்பு ஆகியவற்றைத் தெளிவாக எழுதுங்கள். வேறு உடன்பாடு இல்லாதபோது மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கேட்கக் கூடாது என்பது சட்டம். பத்து மாத அட்வான்ஸ் என்ற வழக்கம் இன்னும் பல தெருக்களில் இருக்கிறது. மூன்று மாதத்தோடு நிறுத்துவதே நல்லது என்பது என் கருத்து. இளம் குடும்பங்களால் அதைத்தான் திரட்ட முடியும், வீடும் விரைவில் நிரம்பும், திருப்பித் தரும் நாளில் உங்களுக்கும் சுமையாக இராது.

குடிவருபவரைப் பற்றி விசாரிக்க வேண்டியவை இரண்டே: வாடகையைத் தவறாமல் தர வருமானம் இருக்கிறதா, முன்பு இருந்த வீட்டில் எப்படி இருந்தார். வேலைக்கான சான்றும் அடையாள அட்டையும் வாங்கிக்கொள்ளுங்கள்; முந்தைய வீட்டு உரிமையாளரிடம் தொலைபேசியில் பேசுங்கள். சாதியையும் மதத்தையும் சாப்பாட்டையும் கேட்டு வீடு கொடுக்கும் பழக்கம் நம் ஊர்களில் வேரூன்றியிருக்கிறது. அது மனிதரை அவமதிக்கும் செயல். முதலீட்டாளருக்கும் அதனால் எந்தப் பயனும் இல்லை. தகுதியான குடும்பங்களைத் திருப்பி அனுப்பிவிட்டுக் காலி வீட்டுக்குத் தவணை கட்டிக்கொண்டிருப்பார்.

அன்றாட நிர்வாகம்

வாடகையை வங்கிக் கணக்கு வழியாகவே வாங்கி, மாதந்தோறும் ரசீது கொடுங்கள். மாதச் சம்பளக்காரர் வீட்டு வாடகைப் படிக்கு வரிச்சலுகை பெற ஆண்டு வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டும்போது உங்கள் பான் எண்ணைக் கேட்பார். மறுக்காமல் கொடுக்க வேண்டும். முதல் மாதம் தாமதமானதும் அன்போடு நினைவூட்டுங்கள். இரண்டாவது மாதமும் நின்றால் எழுத்தில் அறிவிப்பு கொடுங்கள். இரண்டு மாத வாடகை பாக்கியாகி, அறிவிப்புக்குப் பிறகும் கட்டாதிருப்பது வெளியேற்ற உத்தரவு கேட்கச் சட்டம் ஏற்கும் காரணங்களில் ஒன்று. ஆனால் தண்ணீரை நிறுத்துவது, மின்சாரத்தைத் துண்டிப்பது, பூட்டுப் போடுவது ஆகியவற்றை எந்த நிலையிலும் செய்யக் கூடாது. அத்தியாவசிய வசதிகளைத் தடுப்பதைச் சட்டம் வெளிப்படையாகத் தடை செய்கிறது; குழந்தைகளும் முதியவர்களும் இருக்கும் வீட்டில் அது கொடுமையும்கூட. வீட்டைப் பார்வையிடப் போவதாக இருந்தாலும் 24 மணி நேரத்துக்கு முன் தகவல் சொல்ல வேண்டும். சாவி உங்களிடம் இருப்பதால் மட்டும் உள்ளே போகும் உரிமை வந்துவிடாது.

பழுதுகளை யார் செய்வது என்பதில்தான் பெரும்பாலான மனத்தாங்கல்கள் வருகின்றன. வேறு விதமாக எழுதிக்கொள்ளாவிட்டால், கட்டமைப்புப் பழுது, சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு சன்னலுக்குப் பெயின்ட், தண்ணீர்க் குழாய் மாற்றுவது, மின் வயரிங் ஆகியவை உரிமையாளர் பொறுப்பு. குழாய் வாஷர், சுவிட்ச், பிளக், கைகழுவும் தொட்டி, பூட்டு, சன்னல் கண்ணாடி போன்ற சிறிய பழுதுகள் குடியிருப்பவர் பொறுப்பு என்று இச்சட்டத்தின் அட்டவணையே பிரித்துச் சொல்கிறது. காலி செய்யும்போது பெயின்டிங்குக்கென்று ஒரு மாத வாடகையை அட்வான்ஸில் பிடித்துக்கொள்ளும் வழக்கம் தமிழ்நாடு முழுவதும் இருப்பதால், இந்த ஒரு செய்தியை மட்டும் உரிமையாளர்கள் மனத்தில் நன்றாகப் பதிக்க வேண்டும்: அப்படிப் பிடிக்க வேண்டுமானால் அது ஒப்பந்தத்தில் முன்கூட்டியே எழுதப்பட்டு, குடிவருபவர் புரிந்து கையெழுத்திட்டிருக்க வேண்டும். காலி செய்யும் நாளில் திடீரென்று சொல்லக் கூடாது.

ஆண்டுக்கு ஒருமுறை, வடகிழக்குப் பருவமழைக்கு முன் செப்டம்பரில், மொட்டைமாடியைச் சுத்தம் செய்து, தட்டோட்டில் விரிசல் இருக்கிறதா, மழைநீர்க் குழாய் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். தண்ணீர்த் தொட்டியையும் சம்ப்பையும் கழுவ அதே நாள் ஏற்றது. கூரை ஒழுகத் தொடங்கியபின் செய்யும் பழுது கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியைத் தொட்டுவிட்ட பழுதாக இருக்கும். செலவு பல மடங்கு. கட்டடத்துக்குக் காப்பீடு எடுப்பது கோவையில் இன்னும் அரிதாகவே இருக்கிறது. 2021 ஏப்ரல் முதல் எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் தரும் பாரத் கிருஹ ரக்ஷா என்ற பொதுவான பாலிசி, தீ, வெள்ளம், புயல், நிலநடுக்கம் ஆகியவற்றுக்கு வீட்டைக் காக்கிறது; வாடகைக்கு விட்ட வீட்டையும் அதில் சேர்க்கலாம்.

வருமான வரியில் வாடகைக்குச் சலுகை கொஞ்சம் தாராளமானதே. வந்த வாடகையில் நீங்கள் கட்டிய சொத்து வரியைக் கழித்து, மீதியில் 30 விழுக்காட்டைப் பராமரிப்புக்கென்று கழித்து, பிறகு கடன் வட்டியைக் கழிக்கலாம். நமது எடுத்துக்காட்டில் 2,86,000 ரூபாயில் சொத்து வரி 10,000 என்றால் மீதி 2,76,000. அதில் 30 விழுக்காடு 82,800 போக 1,93,200. 20 லட்சக் கடனுக்கு முதலாண்டு வட்டி சுமார் 1,68,000 போக, வரிக்கு உட்படுவது 25,000 அளவுதான். பழுதுக்கு எவ்வளவு செலவழித்தாலும் அந்த 30 விழுக்காட்டுக்கு மேல் தனியாகக் கேட்க முடியாது. புதிய வரிமுறையில் இருப்பவர்கள் வாடகைக்கு மேல் மிஞ்சும் வட்டி நட்டத்தைச் சம்பளத்தில் கழிக்க முடியாது என்பதையும் கவனிக்க வேண்டும். அளவுக்கு மீறிக் கடன் வாங்காமல் இருக்க இது இன்னொரு காரணம்.

குடித்தனக்காரர் காலி செய்யும்போது, குடிவந்த நாளில் எடுத்த புகைப்படங்களோடு வீட்டை அவர் முன்னிலையிலேயே ஒப்பிட்டுப் பாருங்கள். மின்மீட்டர் அளவைக் குறித்துக் கட்டணத்தைக் கணக்கிட்டு, அட்வான்ஸில் பிடிக்கும் தொகை ஒவ்வொன்றையும் காரணத்தோடு எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். காலி வீட்டைப் பெற்ற ஒரு மாதத்துக்குள் அட்வான்ஸைத் திருப்ப வேண்டும் என்கிறது சட்டம். ஆனால் அந்தக் குடும்பம் அடுத்த வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்க அந்தப் பணத்தைத்தான் எதிர்பார்த்திருக்கும். ஆகவே வாங்கிய அட்வான்ஸ் முழுவதையும் செலவழிக்காமல் தனி வைப்புநிதியில் போட்டுவைத்து, சாவி வாங்கும் அன்றே கணக்கில் செலுத்திவிடுங்கள். பணம் பெற்றதற்கான கையெழுத்தை ஒப்பந்தத்தின் பின்பக்கத்திலேயே வாங்கி, அந்த ஒப்பந்தத்தையும் புகைப்படங்களையும் அந்தப் பகுதிக்கான கோப்பில் சேர்த்துவையுங்கள்.